ஆயுதச் சட்டமும் வன்குற்றமும்: இந்திய வரலாறு எழுப்பும் கேள்வி

துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வன்குற்றத்தைக் குறைக்கின்றனவா என்ற விவாதத்தில் அமெரிக்காவே பெரிதும் சான்றாகக் காட்டப்படுகிறது. இந்திய வரலாறோ, சட்டம் யாருடைய துப்பாக்கியைக் கட்டுப்படுத்தியது என்று முதலில் கேட்கச் சொல்கிறது.

லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் பின்னணியில் இருந்தது குற்றத்தடுப்பு அன்று. 1857 எழுச்சி விட்டுச்சென்ற அச்சம். இந்தியர் உரிமம் பெற வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இச்சட்டத்தைத் திருத்தக் கோரியது.

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமமுறையைத் தக்கவைத்தது. ஆனால், துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பாலானவை உரிமமற்ற ஆயுதங்களால் நிகழ்வதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. இதனைச் சட்டத்தின் தோல்வி என்பர் ஒரு சாரார். உரிமம் பெற்றோர் அரிதாகவே கொல்கின்றனர். ஆகவே வெற்றி என்பர் மறுசாரார். சட்டம் இல்லாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை இத்தரவு சொல்வதில்லை. ஆகவே இரு முடிவுகளுமே அவசரமானவை.

பீகாரின் முங்கேரில் 18ஆம் நூற்றாண்டில் மீர் காசிம் துப்பாக்கித் தொழிலை வளர்த்தார். அவ்வூர் இன்று கள்ளத் துப்பாக்கிகளுக்கும் பெயர்பெற்றது. உரிமம் கேட்டு வருபவரையே உரிமமுறை சோதிக்கிறது. கள்ளப்பட்டறை அதன் கண்ணில் படுவதில்லை.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது; சட்டவிரோதத் தயாரிப்புக்கான தண்டனையையும் கடுமையாக்கியது. இவ்விரண்டின் விளைவுகளையும் தனித்தனியே அளவிடாத ஆய்வு, சட்டத்தைப் பற்றி எதையும் நிறுவாது.