மலைமேல் ஓர் ஏரி: அது யாருடையது?

பாலசமுத்திரத்தில் நின்று தெற்கே நோக்கினால் பழனி மலைத்தொடர் நெடிய சுவர்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். அம்மலைகளில் பெய்யும் மழையே பாலாறாகவும் பொருந்தலாறாகவும் இறங்கி, ஊருக்கு அருகிலுள்ள அணையில் தேங்கி, பின்னர் வயல்களுக்குப் பாய்கிறது. ஊரின் பெயரிலேயே சமுத்திரம் இருக்கிறது. பெரிய நீர்நிலையைக் கடலாகக் கருதிச் 'சமுத்திரம்' என்று பெயரிட்டு மகிழ்வது நம் முன்னோரின் வழக்கம். இதே மலையடிவாரத்திலுள்ள பொருந்தலில், பேராசிரியர் கா. இராசன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் நடத்திய அகழாய்வில், ஈமக்குழி ஒன்றில் நெல் நிறைந்த பானை கிடைத்தது. அந்நெல்லின் காலம் கி.மு. 490 அளவினது என்று ஆய்வகம் கணித்தது. அப்படியானால், இம்மலைநீரை நம்பி இங்கு மனிதர் வாழத் தொடங்கி ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஆகின்றன.

அடிவாரத்து நீர்நிலைகள் உழைப்புக்காக உண்டானவை. ஆனால் இதே மலையின் உச்சியில், உழவுக்கென்று அல்லாமல் மனிதர் இளைப்பாறுவதற்கென்றே வெட்டப்பட்ட ஏரி ஒன்று இருக்கிறது. அதுவே கோடைக்கானல் ஏரி. ஆண்டுதோறும் நம்மில் எத்தனையோ குடும்பங்கள் அதன் கரையைச் சுற்றி வருகின்றன. அதை உண்டாக்கியவர் யார், காத்தவர் யார், அது இன்று யாருடையது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

நோய்க்கு அஞ்சி ஏறியவர்கள்

கோடைக்கானலின் கதை இன்பச் சுற்றுலாவில் தொடங்கவில்லை. மரண அச்சத்தில் தொடங்கியது. 1821இல் லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேய அளவையாளர் பழனி மலைகளை அளந்து சென்றார். அவருக்கு வெகு காலம் முன்பிருந்தே பளியரும் புலையரும் குன்னுவரும் அம்மலைகளில் வாழ்ந்து வந்தனர். 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மறைப்பணியாளர் பலர், காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இரையாயினர். மனைவியரையும் பச்சிளங் குழந்தைகளையும் அடுத்தடுத்துப் புதைத்த அவர்கள், குளிர்ந்த இடம் ஒன்றைத் தேடினர். முதலில் அவர்கள் நாடியது நம் திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலையையே. அங்கும் காய்ச்சல் அவர்களை விடவில்லை. எனவே இன்னும் உயரே ஏறி, 1845இல் கோடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டினர். ஊர் அதிலிருந்து வளர்ந்தது.

அடுத்த ஆண்டுகளில் நம் திருச்சபையின் இயேசு சபைக் குருக்களும் அங்கு வந்தனர். சலேத் அன்னையின் பெயரால் 1860களில் ஆலயம் எழுந்தது. 1895இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி நிறுவப்பட்டு, குருத்துவப் பயிற்சிக்கும் இயற்கை ஆய்வுக்கும் இல்லமாயிற்று. அன்று மலையேறுவது எளிதன்று. தொடருந்து அம்மையநாயக்கனூர் வரை வந்ததே 1875இல்தான். பின்னரும் பல ஆண்டுகள், கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, குதிரையேறியோ, சுமையாட்கள் தோளில் தாங்கிய நாற்காலியில் அமர்ந்தோதான் போக வேண்டும். ஒருவர் இளைப்பாறச் செல்ல, நால்வர் வியர்வை சிந்தினர். இந்த முரண்பாட்டை நாம் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

சதுப்பு நிலம் ஏரியான கதை

1863இல் மதுரை ஆட்சியராக இருந்தவர் வேரே ஹென்றி லெவிஞ்ச். மலைமேல், ஓடைகள் கூடிப் பரவிக் கிடந்த சதுப்பு நிலம் அவர் கண்ணில் பட்டது. கரையெழுப்பி நீரைத் தடுத்தால் அழகிய ஏரியாகும் என்று கண்டு, அதைச் செய்தும் முடித்தார். தூத்துக்குடியிலிருந்து முதல் படகு வந்து சேர்ந்தது. கடலோரத்துப் படகு ஏழாயிரம் அடி உயரத்துக்கு மலைப்பாதையில் ஏறிய காட்சியை எண்ணிப் பாருங்கள்! ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பும், ஐந்து கிலோமீட்டர் சுற்றளவும், விண்மீன் போன்ற கிளைபிரிந்த வடிவமும் கொண்டது அந்த ஏரி. பணி ஓய்வுக்குப் பின் லெவிஞ்ச் அவ்வூரிலேயே தங்கி, 1885இல் மறைந்தார்.

லெவிஞ்சின் பெயரை ஊர் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. எனினும் கூடையில் மண் சுமந்து அக்கரையைக் கட்டிய கைகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பெரிய கட்டடங்களைப் பார்க்கும்போது கொத்தனையும் சித்தாளையும் நினைக்கத் தவறும் நம் வழக்கமே இங்கும் தொடர்கிறது.

ஏரியைப் பேணியது அரசு மட்டுமன்று. 1890இல் அங்கு வசித்தோர் கூடிப் படகுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். உறுப்பினர் சந்தாவில் படகுகள் பேணப்பட்டன. 1910இல் புதிய படகுத்துறை எழுந்தது. 1908இல் வனத்துறை அதிகாரி பிரையண்டு, ஏரியின் கிழக்கே ஏறத்தாழ 20 ஏக்கரில் பூங்கா ஒன்றைத் திட்டமிட்டு அமைத்தார். இவ்வாறு ஏரி, படகுத்துறை, பூங்கா ஆகிய மூன்றும் சேர்ந்து, ஒரு சமூகம் தன் ஓய்வுக்காகத் தானே பேணிய இடமாயிற்று. ஆனால் அந்தச் சமூகம் எது? மலைவாசத்தலங்களின் அன்றைய சங்கங்களில் ஐரோப்பியருக்கே இடம். இந்தியர் பெரும்பாலும் பணியாளராகவே உள்ளே நுழைந்தனர். 1932இல்தான் படகுச் சங்கம் பொதுமக்களுக்குத் தற்காலிக உறுப்பினர் உரிமை வழங்கி, அவர்களும் படகேற வழி திறந்தது. ஏரி பிறந்து, வாயிற்கதவு திறக்க ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின.

கடல் கடந்த இரு கரைகள்

கோடைக்கானலுக்கு ஏறிய அமெரிக்கர், ஏரிக்கரையில் கூடிக் கோடையைக் கழிக்கும் வழக்கத்தைத் தம் நாட்டிலும் அறிந்திருந்தனர். அங்கு 19ஆம் நூற்றாண்டில், மெதடிஸ்டு சபையார் தோப்புகளில் கூடாரமடித்துப் பல நாள்கள் செபிப்பது பெருவழக்காக இருந்தது. அத்தகைய இடங்களுள் ஒன்று, நியூயார்க் மாநிலத்தின் மேற்கேயுள்ள ஷட்டாக்குவா ஏரிக்கரை. 1874 ஆகஸ்டில் ஜான் வின்சென்ட் என்ற போதகரும், லூயிஸ் மில்லர் என்ற தொழிலதிபரும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு அங்கே ஒரு கூட்டம் நடத்தினர். ஆண்டுதோறும் அது வளர்ந்தது. கூடாரங்கள் மரக்குடில்களாயின, செபத்தோடு இலக்கியமும் அறிவியலும் இசையும் சேர்ந்தன. 1878இல் தொடங்கிய வாசகர் வட்டம், கல்லூரி வாசலை மிதிக்காத எளியோர் பலரின் கையில் நூல்களைக் கொண்டு சேர்த்தது. 1930களின் பொருளாதார நெருக்கடியில் அந்நிறுவனம் கடனில் மூழ்கியபோது, அதை நேசித்தவர்களே நிதி திரட்டி 1936இல் மீட்டனர். அந்த ஏரிக்கரை இன்றும் ஆண்டுதோறும் கோடையில் நிறைகிறது.

இம்முயற்சியைக் கத்தோலிக்கப் பொதுநிலையினரும் உற்று நோக்கினர். 1892இல் அவர்கள் 'அமெரிக்கக் கத்தோலிக்கக் கோடைப் பள்ளி'யைத் தொடங்கினர். மறு ஆண்டு முதல் அது ஷாம்பிளேன் ஏரிக்கரைக்கு மாறி, நாளடைவில் கிளிஃப் ஹேவன் என்ற பெயரில் நிலைபெற்றது. முதல் ஆண்டுகளிலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் பாராட்டும் அதற்குக் கிடைத்தது. தொழிலாளருக்கு உழைப்பைப் போலவே ஓய்வும் உரிமை என்று 1891இல் தம் சுற்றுமடலில் எடுத்துரைத்தவர் அவர். பெரு நகரங்களின் கத்தோலிக்கர் தத்தம் நகரின் பெயரால் அங்கே குடில்களை எழுப்பினர். காலையில் திருப்பலி, பின் சொற்பொழிவு, மாலையில் படகும் நீச்சலும் என்று அவர்களுடைய கோடை கழிந்தது. ஆனால் 1941இல் அந்தக் கோடைப் பள்ளி நின்றுபோயிற்று.

இரண்டு ஏரிக்கரைகள், ஒரே தலைமுறையில் எழுந்தவை. ஒன்று நிலைத்தது, மற்றது மறைந்தது. காலமும் வாகன வசதியும் மக்களின் விருப்பமும் மாறியது இதில் பங்கு வகித்திருக்கலாம். எனினும் ஒரு பாடம் தெளிவு. இடத்தை ஓர் ஏரியோ ஒரு நிறுவனரோ காப்பதில்லை. நெருக்கடி வரும் நாளில் "இது என்னுடையது" என்று முன்வரும் மனிதரே காக்கின்றனர்.

நம் மண்ணின் பாடம்

அந்தப் பாடத்தைக் கற்க நாம் அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. பழைய தமிழகத்தில் கண்மாயைக் காத்தது குடிமராமத்து. ஆண்டுதோறும் ஊரார் கூடி, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து, வரத்துக்கால் தூர்வாரிக் கரையை உயர்த்துவர். நீரைப் பங்கிட நீர்க்கட்டி உண்டு; அவருக்கு விளைச்சலில் பங்கு உண்டு. தன் வயலுக்கு நீர் வேண்டுமானால் பொதுக்கரைக்கு மண் போட வேண்டும் என்பதே அதன் எளிய அறம். ஆங்கில அரசு இவ்வழக்கத்தை 1858இல் சட்டமாக்கிக் கட்டாயமாக்கியது. ஆனால் நீர்நிலைகள் அரசின் துறைகளுக்குக் கைமாறியபோது, "சர்க்கார் ஏரி" என்ற எண்ணம் ஊராரிடம் வேரூன்றியது. நமது என்ற உணர்வு போனபின், கரையை உயர்த்தும் கையும் ஓய்ந்தது. தமிழக அரசு 2017இல் குடிமராமத்து என்ற பெயரையே ஒரு திட்டமாக மீண்டும் கொண்டு வந்தது, இழந்தது இன்னதென்று காட்டுகிறது. அக்குடிமராமத்திலும் குறை இருந்தது. நிலமற்றவர் கரைக்கு மண் சுமந்தனர். நீரின் பங்கு நிலமுள்ளவருக்கே சென்றது. ஆகவே பழமையை அப்படியே போற்றுவது நம் நோக்கமன்று. அதன் உயிரான பொறுப்புணர்வையே போற்றுகிறோம்.

ஏரியின் இன்றைய துயர்

கோடைக்கானல் ஏரிக்கு இப்பொறுப்புணர்வு இன்று மிகவும் தேவைப்படுகிறது. விடுதிகளும் வீடுகளும் பெருகியபோது, சாய்வுகளிலிருந்து மழைநீரோடு கழிவுநீரும் ஏரிக்குள் இறங்கியது. 1980களில் தொடங்கப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளிவந்ததால், மக்கள் போராட்டத்தை அடுத்து 2001இல் மூடப்பட்டது. ஏரியின் நீரிலும் மீனிலும் பாதரசம் கலந்திருப்பதை 2006இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. அங்கு வேலை செய்த தொழிலாளர் நெடுங்காலம் போராடி, 2016இல்தான் நிறுவனத்தோடு உடன்பாடு கண்டனர். வருவோரின் வாகனங்கள் மலை தாங்கும் அளவை மீறவே, உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே மாதம் முதல் மின்னணு அனுமதிச் சீட்டு முறை வந்தது.

இருள் மட்டுமே இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. 1985இல் மலையை நேசிப்போர் கூடிப் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தனர். இயேசு சபைக் குரு கே. எம். மத்தேயு அம்மலைகளின் செடி கொடிகளை வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்து, 1999இல் பெருநூலாக வெளியிட்டார். காக்க வேண்டியது எது என்று அறிந்தால்தானே காக்க முடியும்? மலையுச்சிச் சோலையும் புல்வெளியும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, சிறுகச் சிறுக விடுகின்றன. அவை அழிந்தால் ஏரி மட்டுமன்று, அடிவாரத்தில் பாலசமுத்திரத்து வயலும் வாடும். மேலே இளைப்பாறுவோரின் ஏரியும், கீழே உழைப்போரின் அணையும் ஒரே மழையின் இரு பிள்ளைகள்.

பணி முடித்துத் திரும்பிய சீடரை, தனிமையான இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறும்படி ஆண்டவர் அழைத்ததை நற்செய்தியில் வாசிக்கிறோம். அவர்கள் படகேறினர், ஏரியைக் கடந்தனர். ஆனால் மறுகரையில் பசித்த கூட்டம் காத்திருந்தது. அவர் அவர்களை அனுப்பிவிடவில்லை, பரிவு கொண்டார். ஓய்வும் பரிவும் ஒரே கரையில் சந்தித்தன. தூய நீர் ஒவ்வொரு மனிதரின் அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தியதும் அந்தப் பரிவின் தொடர்ச்சியே.

அடுத்த கோடையில் அந்த ஏரியைச் சுற்றி நடக்கும்போது, கையிலுள்ள நெகிழிப் புட்டியை எங்கே போடுகிறோம் என்று ஒரு கணம் எண்ணுவோம். மண் சுமந்தவரையும் நாற்காலி தாங்கியவரையும் நினைப்போம். லெவிஞ்ச் கரை எழுப்பினார். சங்கத்தார் படகைக் காத்தனர். பின்னர்க் கதவு அனைவருக்கும் திறந்தது. திறந்த கதவின் வழியே உள்ளே வந்த நாம், விருந்தினராக மட்டும் வந்து போவோமா, கரைக்கு ஒரு கூடை மண் போடும் குடிகளாக இருப்போமா? ஏரி யாருடையது என்ற கேள்விக்கு அதுவே விடை சொல்லும்.