குரலஞ்சல் வரவேற்புச் செய்தி

தொலைபேசியை எடுக்க ஆள் இல்லாதபோது, அழைத்தவரின் காதில் முதலில் ஒலிக்கும் பதிவே குரலஞ்சல் வரவேற்புச் செய்தி. அது முடிந்து ‘பீப்’ ஒலித்த பிறகு அழைத்தவர் தம் தகவலைச் சொல்லி வைக்கலாம். இந்தியாவில் மிஸ்டு காலும் வாட்ஸ்அப்பும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்வதால் குரலஞ்சல் பெரிதாக வேரூன்றவில்லை. அமெரிக்கா, கனடாவில் மருத்துவர், வழக்கறிஞர், கணக்காளர் அலுவலகங்களில் அது இன்றும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பித்தவரின் குரலை நிறுவனம் முதன்முதலில் கேட்பது சில நேரம் இந்தப் பதிவில்தான்.

டென்மார்க்கின் வால்டமார் பவுல்சன் 1898இல் உருவாக்கிய டெலிகிராஃபோன், எஃகுக் கம்பியில் காந்தத்தின் மூலம் ஒலியைப் பதிந்தது. தொலைபேசிச் செய்திகளைப் பதிந்து வைப்பது அவர் மனத்தில் இருந்த பயன்களில் ஒன்று. அலுவலகக் குரலஞ்சலுக்கு வழி திறந்தவர் டெக்சஸைச் சேர்ந்த கார்டன் மேத்யூஸ். 1979இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1983இல் கிடைத்தது.

நல்ல பதிவு ஏன் அரிதாக இருக்கிறது என்பதற்குத் தொலைபேசியின் அமைப்பிலேயே பாதி விடை உண்டு. வழக்கமான தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகிறது. ஆண் குரலின் அடிநாதம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியது. அது கம்பியில் போவதே இல்லை, கேட்பவரின் காதும் மூளையும் அதை ஊகித்துக்கொள்கின்றன. ‘ஸ’, ‘ஃப’ ஆகிய ஒலிகளின் வலு பெருமளவு 3400 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் அவையும் அடிபடுகின்றன. இனிஷியலோடு பெயர் சொல்லும் தமிழர்களுக்கு இது நேரடிச் சிக்கல்: ‘எஸ்’ஸும் ‘எஃப்’பும் ஒன்றுபோலக் கேட்கும், ‘பி’யும் ‘டி’யும் குழம்பும். ‘எம் ஃபார் மதுரை’ என்று சொல்லும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே மிகவும் பொருத்தமானது. ஆனால் அழைப்பவர் வெளிநாட்டவர் என்றால் அவருக்குத் தெரிந்த சொல்லைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பின்னணி இசை வேண்டவே வேண்டாம். கைபேசிகளின் ஒலிச்சுருக்க முறைகள் மனிதப் பேச்சை முன்னிறுத்தி வடிவமைக்கப்பட்டவை. வீணையும் கீபோர்டும் அவற்றுள் புகுந்தால் கரகரப்பாகவே வெளிவரும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, திரைச்சீலையும் மெத்தையும் உள்ள அறையில் பேசினால் எதிரொலி அடங்கும். கதவடைத்த கார் அதைவிட நல்லது. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் ‘ப’கரம் வெடிக்காது. பதிந்த பிறகு வேறொரு தொலைபேசியிலிருந்து அழைத்துக் கேட்க வேண்டும். பதிந்த கருவியிலேயே கேட்பது ஏமாற்றும்.

சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான்: பெயர், நிறுவனம், எப்போது திருப்பி அழைப்பீர்கள், அவசரமானால் வேறு யாரை அழைப்பது. மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்’ என்பதைக் கேட்டு யாரும் நிம்மதி அடைவதில்லை. ‘நாளை மாலைக்குள் அழைக்கிறேன்’ என்பதைக் கேட்டால் அடைவார்கள். கனடாவில் பெரும்பாலோர் வருமான வரிப் படிவம் கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 30. அந்த வாரத்தில் ஒரு டொராண்டோ கணக்காளரின் பதிவு இப்படி அமையலாம்:

“வணக்கம், (பெயர்) பேசுகிறேன், (நிறுவனம்). வரிக் கணக்கு வேலையில் இருப்பதால் இப்போது எடுக்க முடியவில்லை. உங்கள் பெயரையும் எண்ணையும் நிதானமாகச் சொல்லுங்கள். இன்று இரவு எட்டு மணிக்குள் நானே அழைக்கிறேன். படிவம் ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் மே மாதம் அழைத்தால் போதும்.”

நிதானமாகப் படித்தாலும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கடைசி வாக்கியம் பலரைக் காத்திருப்பிலிருந்து விடுவிக்கிறது. அழைப்பவர்களில் தமிழ் தெரியாதவர்களும் இருந்தால், தமிழ்ப் பகுதி முழுவதும் முடியும்வரை அவர்களை நிறுத்தி வைக்கக் கூடாது. ‘வணக்கம், ஹலோ’ என்று தொடங்கினால் இரு தரப்பாரும் தங்கள் மொழிக்காகக் காத்திருப்பார்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணைச் சொல்லும்போது ‘டபுள் நைன்’, ‘ட்ரிபிள் ஃபோர்’ என்பதைத் தவிர்க்க வேண்டும். வட அமெரிக்கர்களுக்கு அது பழக்கமில்லை. ஒவ்வோர் இலக்கமாக, மூன்று மூன்றாக, கடைசியில் நான்காகப் பிரித்து, இரண்டு முறை சொல்வதே சரி.

விடுமுறைக்கென்று பதிந்த செய்தியைத் திரும்பி வந்த அன்றே மாற்ற வேண்டும். ஜூலையில் ‘பொங்கலுக்குப் பிறகு அழைக்கிறேன்’ என்று கேட்டவர் மறுபடி அழைக்க மாட்டார். குரலஞ்சல் பெட்டி நிரம்பியிருக்கிறதா என்பதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். நிரம்பிவிட்டால் செய்தியை முழுவதும் கேட்டவர்கூடத் தகவல் எதையும் பதிய முடியாது. பெட்டியின் ரகசிய எண்ணைத் தொலைபேசி நிறுவனம் கொடுத்தபடியே விட்டுவைப்பது ஆபத்து: பிரிட்டனில் 2011இல் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ இதழ் மூடப்படக் காரணமான ஒட்டுக்கேட்பு விவகாரத்தில், மாற்றப்படாத இத்தகைய எண்களின் வழியாகவும் பிறரின் குரலஞ்சல்கள் திறக்கப்பட்டன.