முள் சொல்லாத எடை

பெரியகுளத்துக்குப் பக்கத்தில் ஜெயமங்கலம். அங்கே என் அத்தை வீட்டுச் சமையலறையில் ஒரு காலண்டர் தொங்கும். சில தேதிகளைச் சுற்றி சிவப்பு வட்டம் போட்டிருக்கும். கல்யாணம், வளைகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சிலிண்டர் மாட்டிய தேதிகள்! "நாப்பத்தஞ்சு நாளைக்கு வரும்ப்பா. நாப்பது தாண்டிட்டா உஷாராயிருவேன்" என்பார்.

போன முறை நான் போயிருந்தபோது முப்பத்தெட்டாம் நாளே அடுப்பு அணைந்துவிட்டது. தோசை பாதி வெந்த நிலையில்! மாமா சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். காலி. "வண்டியில பெட்ரோலுக்கு மீட்டர் இருக்கு. இதுக்கு ஒண்ணு வெச்சா என்னவாம்?" என்றார் அத்தை.

நியாயமான கேள்விதான். பதிலுக்கு நாம் பாரிஸ் வரை போகவேண்டும்.

1849-ல் யூஜின் போர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் அழுத்தமானிக்குக் காப்புரிமை வாங்கினார். தட்டையான ஒரு உலோகக் குழாயை வளைத்து, ஒரு முனையை அடைத்துவிட வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும். அந்த அசைவை ஒரு முள்ளோடு இணைத்தால் அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நீராவி இன்ஜின்களின் கொதிகலன் வெடித்து மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த காலம். அந்தச் சின்ன முள் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது.

அதையே சிலிண்டரில் மாட்டினால் என்ன? இங்கேதான் சிக்கல்.

1910 வாக்கில் அமெரிக்க அரசின் சுரங்கத் துறையில் வேலை பார்த்த வால்டர் ஸ்நெல்லிங், பெட்ரோலிலிருந்து ஆவியாகித் தப்பிக்கும் வாயுக்களை ஆராய்ந்தார். புரொப்பேனும் பியூட்டேனும் பிடிபட்டன. அழுத்திப் பிடித்தால் திரவமாகிவிடுகிற வாயுக்கள். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் சுமார் 250 லிட்டர் வாயு! 1913-ல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். நம் வீட்டு எல்.பி.ஜி.யின் கதை ஆரம்பிப்பது அங்கேதான்.

திரவமாக இருப்பதுதான் அதன் பெருமை. மீட்டரை ஏமாற்றுவதும் அதுவே. உங்கள் வீட்டு குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். விசில் அடிக்கிறது. உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அந்த விசில் சொல்லுமா? ஒரு டம்ளர் இருந்தாலும் அதே விசில்தான், கால் டம்ளர் இருந்தாலும் அதேதான். சிலிண்டரும் அப்படித்தான். அடியில் கொஞ்சம் திரவம் இருக்கிறவரை மேலே அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். காலைக் குளிரில் முள் சற்று இறங்கும், மத்தியான வெயிலில் ஏறும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் அடித்து விற்கிற மீட்டரில் முள் கடைசிவரை பச்சையில் நின்றுவிட்டு, திரவம் தீர்ந்ததும் சடாரென்று விழும். அது தகவல் இல்லை சார், இரங்கல் செய்தி!

அமெரிக்காவில் வீட்டுக்கு வெளியே பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் உள்ளே மிதவை போட்ட மீட்டர் வைத்துக்கொள்கிறார்கள். அது திரவத்தின் மட்டத்தைக் காட்டும். உருட்டி, தூக்கி, வண்டியில் ஏற்றி இறக்குகிற நம் சிலிண்டருக்கு அது கிடையாது. 1955-ல் பர்மா ஷெல் பம்பாயில் எல்.பி.ஜி. விற்க ஆரம்பித்தது. 1965-ல் கல்கத்தாவில் முதல் இண்டேன் இணைப்பு வந்தது. 2007-ல் தமிழக அரசு ஏழைகளுக்கு இலவச அடுப்போடு இணைப்பு கொடுக்க ஆரம்பித்தது. சிலிண்டர் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. மீட்டர் மட்டும் கூடவே போகவில்லை. 2021-ல் வந்த கண்ணாடியிழை சிலிண்டரில்தான் வெளிச்சத்தில் பார்த்தால் மட்டம் தெரிகிறது. இரும்பு சிலிண்டர்காரர்கள் என்ன செய்வது? ஈரத்துணியால் மேலிருந்து கீழே துடைத்துப் பாருங்கள். திரவம் இருக்கிற பகுதி மெதுவாகத்தான் காயும்.

ஆனால், இது வெறும் மதிப்பீடு. துல்லியமான கணக்குக்கு ஒரே வழி எடைதான்.

நான் பி.காம். படித்தவன். மொத்த எடையிலிருந்து வெறும் பாத்திரத்தின் எடையைக் கழித்தால் நிகர எடை. கல்லூரியில் படித்ததில் இந்த ஒரு கழித்தலாவது வாழ்க்கையில் உதவியது! அன்று சாயங்காலம் புது சிலிண்டர் வந்தது. மாமா மாங்காய் வியாபாரி. வீட்டிலேயே தராசு இருந்தது. சிலிண்டர் மேலே அதன் வெற்று எடை 15.6 கிலோ என்று எழுதியிருந்தது. உள்ளே 14.2 கிலோ இருக்கவேண்டும். ஆக மொத்தம் 29.8. தராசு காட்டியது 28.3.

ஒன்றரை கிலோ எங்கே?

கொண்டுவந்த தம்பி முதலில் தராசைக் குறை சொன்னார். பிறகு மறுபேச்சில்லாமல் வேறு சிலிண்டர் கொடுத்துவிட்டுப் போனார். முப்பத்தெட்டே நாளில் தீர்ந்த பழைய சிலிண்டரில் எவ்வளவு இருந்தது என்று மட்டும் இனி யாராலும் சொல்ல முடியாது.

வாங்கும்போதே எடை போட்டுக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. கொண்டுவருகிறவர் தராசும் கொண்டுவர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. கூச்சப்படாமல் கேளுங்கள். அப்படியே சீல் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மீட்டர் ஆசையில் சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே அங்கீகாரம் இல்லாத எதையும் செருகிவிடாதீர்கள்.

முப்பது வருஷமாக எடை போடாமல் ஒரு மாங்காய்கூட வாங்காத மாமா, அன்று அத்தையைப் பார்த்தார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. காலண்டரை எடுத்தார். தேதியைச் சுற்றி வட்டம் போட்டார். பக்கத்தில் புது சிலிண்டரின் எடையையும் எழுதினார்.