கறுப்பும் வெண்மையும் வெப்பமும்



கறுப்புப் பொருள் வெப்பத்தை மிகுதியாக ஏற்கும். வெண்பொருள் குறைவாக ஏற்கும். நன்றாக ஏற்பதே நன்றாக வெளிவிடவும் செய்யும். நீங்கள் யாவரும் ஒப்பிக்கும் பாடம் இது. “அங்ஙனமாயின், வெள்ளையடித்த சுவர் தான் பெற்ற வெப்பத்தை விடாது பிடித்துக்கொள்ளுமோ, ஐயா?” என் ஆசிரியப் பணியில் இவ்வினாவை எழுப்பிய மாணவர் மிகச் சிலரே. இதற்கு முழு விடை கிடைக்க ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்தன. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன்.

18ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், பல நிறக் கம்பளித் துணித் துண்டுகளை வெயில் எறித்த காலையொன்றில் உறைபனியின்மேல் பரப்பினார். சில மணி நேரத்தில் கறுப்புத் துண்டு ஆழப் புதைந்தது. கருநீலம் அதற்கு அடுத்தபடி இறங்கிற்று. வெள்ளைத் துண்டோ மேலேயே கிடந்தது. வெப்ப நாடுகளில் வெயிலில் உழைக்கும் போர்வீரருக்கும் மாலுமிகளுக்கும் வெள்ளுடையே தக்கது என அவர் முடிவு கண்டார்.

ஏற்பதைப் பற்றிய செய்தி இது. வெளிவிடுவதை ஆராய்ந்தவர் ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் லெஸ்லி. சதுரத் தகரக் கலம் ஒன்றில் வெந்நீர் நிரப்பினார். ஒரு பக்கத்தில் விளக்குக்கரி பூசினார். மற்றொன்றில் எழுதும் தாளை ஒட்டினார். வேறொன்றைப் பளபளக்கும் தகரமாகவே விட்டார். 1804இல் அவர் வெளியிட்ட கணக்கு இது: கரி வீசிய வெப்பம் 100 என்றால், தாள் வீசியது 98, தகரம் வீசியது 12. வெண்மையும் கருமையும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன!

இப்புதிரை அவிழ்க்கும் திறவுகோல் முன்னரே கிட்டியிருந்தது. 1800இல் வில்லியம் ஹெர்ஷல், சிவப்பு நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்கள் உண்டெனக் கண்டார். பின்னர், 1859இல், ஜெர்மன் அறிஞர் கிர்க்காஃப் விதியை வகுத்தார்: ஒரு பொருள் எந்தக் கதிரை நன்றாக ஏற்குமோ, அந்தக் கதிரையே நன்றாக வெளிவிடும். சுடும் சுவர் வீசுவது புலனாகாத அக்கதிர்களையே. அவற்றைப் பொறுத்தவரை வெள்ளைத் தாளும் சுண்ணாம்பும் ஏறத்தாழக் கறுப்பே!

ஆதலின், மொட்டைமாடிக்கு வெள்ளையடிப்போர் இரட்டைப் பயன் பெறுகின்றனர். வெயிலின் பெரும்பகுதி திரும்பிச் செல்கிறது; ஏற்ற சிறு வெப்பமும் வானை நோக்கி வெளியேறுகிறது. பளபளக்கும் தகரக் கூரையோ வெயிலைத் திருப்பினாலும், ஏற்றதை எளிதில் விடாது கொதிக்கிறது. மாணவர்களே, ‘எந்த நிறம்?’ என்று மட்டும் கேளாதீர்கள்; ‘எந்தக் கதிருக்கு?’ என்றும் கேளுங்கள்.