குறுக்குவெட்டு

வெள்ளரிக்காயைக் குறுக்கே நறுக்கினால் தெரியும் வட்டம் குறுக்குவெட்டு. துகள் இயற்பியலில் எதையும் வெட்டுவதில்லை. பாய்ந்துவரும் துகளுக்கு அணுக்கரு எவ்வளவு பெரிய இலக்கு என்பதை, அதாவது மோதலின் வாய்ப்பை, பரப்பளவாகச் சொல்கிறார்கள். அலகு 'பார்ன்': 10⁻²⁴ சதுர சென்டிமீட்டர். ஆங்கிலத்தில் அது தானியக் கொட்டகை. அணுக்கரு வினைகளுக்கு அத்தனை பெரிய பரப்பு என்று 1942இல் பர்டூ பல்கலைக்கழகத்தின் ஹாலோவேயும் பேக்கரும் இட்ட பெயர்.

சென்னை முகப்பேரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் கல்பாக்கம். அங்கே 1996இல் இயங்கத் தொடங்கிய காமினி அணு உலையின் எரிபொருள் யுரேனியம்-233. அதன் கரு உருவத்தில் ஏறக்குறைய 2 பார்ன்தான். மெதுவாக வரும் நியூட்ரானுக்கோ அதன் பிளவுக் குறுக்குவெட்டு சுமார் 530 பார்ன்! வேகம் குறையக் குறைய இலக்கு விரிகிறது. இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நியூட்ரான் அலையாகவும் நடந்துகொள்வதே காரணம்: மெதுவானால் அலைநீளம் கூடும்.