நெறிக்கட்டும் லிம்போமாவும்

காலில் முள் ஏறிப் புண் சீழ்பிடித்தால், இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் ஒரு கட்டி தட்டுப்படும். கோவை, ஈரோட்டுப் பக்கத்தில் இதை 'நெறி கட்டியிருக்குதுங்க' என்பார்கள். கையில் புண் என்றால் அக்குளில், பல் சொத்தை என்றால் தாடைக்கு அடியில். நெறிக்கட்டு, நெறிகட்டுதல் என்ற வழக்குகள் கொங்குக்கு மட்டும் உரியவை அல்ல. தமிழகம் முழுக்கப் பொது. வீங்குவது நிணநீர்க் கணு. தட்டைப்பயறு வடிவில் உடலெங்கும் இவை சில நூறு உண்டு. நோயற்ற உடலில் பெரும்பாலானவை விரலுக்கு அகப்படுவதில்லை. ஆகவே நாட்டுச்சொல் உறுப்புக்குப் பெயர் வைக்கவில்லை, அது வீங்கும் நிகழ்ச்சிக்கே வைத்தது. நெறி என்றால் வழி, நிணநீர் செல்லும் வழி என்று பிரித்துப் பொருள் சொல்ல ஆசை எழலாம். அழகான பொருத்தம், அதற்கு மேல் அதில் எதையும் ஏற்ற வேண்டியதில்லை.

நிணநீர் என்பது கலைச்சொல். அதன் முதற்பாதி மட்டும் மிகப் பழையது: சங்கப் பாடல்களில் நிணம் என்றால் ஊனோடு ஒட்டிய கொழுப்பு. ஐரோப்பியர் பெயரான லிம்ப், தெளிந்த நீரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரே திரவத்தை ஒரு மொழி தெளிநீர் என்கிறது, இன்னொரு மொழி கொழுப்புநீர் என்கிறது. இரண்டும் சரி. கைகால்களில் ஓடும்போது அது வெளிறித் தெளிந்திருக்கும். சாப்பிட்டபின் குடலிலிருந்து வரும்போது கொழுப்பேறிப் பால்போல் இருக்கும். 1622இல் இத்தாலியின் காஸ்பாரே அசெல்லி, தீனி தின்ற நாயொன்றின் வயிற்றைத் திறந்தபோது கண்டது இந்தப் பால்நிற இழைகளைத்தான்.

கொங்கு விவசாயிக்கு இந்த நீரை விளக்கக் கடினப்பட வேண்டாம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் கீழ்ப்பக்கக் காடுகளில் கசிவுநீர் ஊறி, ஓடையில் சேர்ந்து, மறுபடி பாசனத்துக்கு ஆகும். ரத்த நாளங்களிலிருந்து கசிந்து, தனி நாளங்களில் திரண்டு, கழுத்தடியில் மீண்டும் ரத்தத்தில் கலக்கும் உடலின் கசிவுநீர் நிணநீர். போகிற வழியில் கணுக்கள் சல்லடைபோல் கிருமிகளைத் தடுக்கின்றன. தடுக்கும் வேலை மிகுந்தால் வீங்குகின்றன, அதுதான் நெறி.

நெறி அச்சமூட்டும் சொல்லானது பிளேக் காலத்தில். 1896இல் பம்பாயில் தோன்றிய கொள்ளைநோய் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கோவையையும் மீண்டும் மீண்டும் தாக்கியது. தொடை இடுக்கிலோ அக்குளிலோ கணு பருத்து வலிப்பது அந்நோயின் முக்கிய அடையாளம். நகரில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் உண்டு. அம்மனுக்கு ஆங்கிலப் பெயரைச் சூட்டிய ஊர், கட்டிக்கு மட்டும் தன் பழஞ்சொல்லையே வைத்துக்கொண்டது. கழுத்தைச் சுற்றி வரிசையாக எழும் கணுக்களுக்குச் சித்த மருத்துவம் வைத்த பெயர் கண்டமாலை: கண்டம் கழுத்து, மாலை மாலையேதான். பிற்கால மருத்துவம் இவற்றில் பலவற்றைக் காசநோய்க் கணுக்கள் என இனங்கண்டது.

லிம்போமா என்ற சொல்லும் தொடக்கத்தில் இதே தரத்தில்தான் இருந்தது. 'ஓமா' என்பது கிரேக்க விகுதி, கட்டி என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் அது நிணநீர்க் கணுவில் எழும் எந்தக் கட்டிக்கும் வழங்கியது. ஏறக்குறைய நம் நெறிக்கட்டுதான். 1871இல் தியோடர் பில்ரோத் கொடிய வகையைப் பிரித்துக்காட்ட 'கொடிய' என்ற அடையைச் சேர்க்க வேண்டியிருந்தது. பின்னர் அடை உதிர்ந்தது, கொடுமை சொல்லுக்குள்ளேயே தங்கிவிட்டது. நெறியோ பிளேக் அச்சம் ஓய்ந்தபின் மீண்டும் சாதுவாகிவிட்டது.

நோய் அதற்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832இல் கணுக்களும் மண்ணீரலும் பருத்து இறந்தோரைப் பற்றி எழுதினார். 1865இல் சாமுவேல் வில்க்ஸ் அந்நோய்க்கு அவர் பெயரையே இட்டார். அதன் அடையாளம் நுண்ணோக்கியில் தெரியும்: இரட்டைக் கருவுடன், ஆந்தை விழித்துப் பார்ப்பதுபோன்ற பெரிய உயிரணு. ஸ்டெர்ன்பர்க் 1898இலும் டாரதி ரீட் 1902இலும் அதை விவரித்தார்கள். இந்த உயிரணு இல்லாத மற்ற லிம்போமாக்களுக்கெல்லாம் 'ஹாட்ஜ்கின் அல்லாதவை' என்று பெயர். பல பத்து நோய்களுக்கு 'அல்லாதவை' என்ற ஒற்றை மறுப்பைப் பெயராக வைத்தது சோம்பேறித்தனமே; ஆனாலும் அது நிலைத்துவிட்டது. அவற்றில் சில ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும், பர்கிட் லிம்போமா போன்றவை நாள்கணக்கில் பெருகும். பெரும்பாலானவை வெள்ளணுக்களில் பி உயிரணு என்ற வகையிலும், சில டி உயிரணு என்ற வகையிலும் பிறக்கின்றன.

தமிழில் இவற்றோடு வேறு நோய்களும் சேர்ந்து 'ரத்தப் புற்று' என்ற ஒரே குடையின்கீழ் நிற்கின்றன. அச்சொல் முதலில் லுக்கேமியாவுக்கு உரியது. லுக்கேமியா என்ற பெயரை வெள்ளை ரத்தம் என்ற பொருளில் ருடால்ஃப் விர்கோ 1847இல் வைத்தார். எலும்பு மஜ்ஜையில் பிறந்து ரத்தத்தில் பெருகும் நோய் அது. மயலோமாவும் மஜ்ஜை நோயே. பிளாஸ்மா உயிரணுக்கள் பெருகி எலும்பை அரிக்கும். லிம்போமா பெரும்பாலும் கணுவில் கட்டியாக நிற்கும்.

நாட்டுச்சொல் இங்கேதான் கைவிடுகிறது. நெறி என்றால் அருகில் ஒரு புண் இருக்கும், வலிக்கும், புண் ஆறினால் வடியும். லிம்போமாக் கணு பெரும்பாலும் வலிக்காது, புண் தேவையில்லை, வடியாது. சிலருக்குக் காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, எடை குறைவு. வலி இல்லையே என்று விட்டுவிடுபவர் உண்டு. கண்டமாலையின் நினைவில் காசநோய் மருந்து உண்டு காலம் கடந்தவரும் உண்டு. ஊசியால் உறிஞ்சிய சிறு துளியும் பல சமயம் போதாது. கணுவின் உள்ளமைப்பு குலைந்திருப்பதைப் பார்க்க அதை முழுதாக எடுத்துச் சீவ வேண்டும். 'நெறி' என்று சொல்லி வந்தவர் கையில் அப்போது கிடைக்கும் தாளில் 'டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா' போன்றதொரு பெயர் இருக்கும். எந்த மருந்து, எத்தனை சுற்று என்பதை முடிவுசெய்வதில் அந்தப் பெயருக்கே முதலிடம்.