சத்தியோதய பிறந்த கதை

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவில் வார்லி தேவாலயம் இருக்கிறது. 1878இல் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் காலத்தில் எழுந்த கற்கோயில். சுற்றிலும் துரைமாரின் கல்லறைகள். பெயரும் தேதியும் கல்லில் வெட்டியிருக்கும். தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்து, பேதியிலும் காய்ச்சலிலும் பாதி வழியில் விழுந்த தமிழர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

தோட்டத்துக்கு வேதம் வந்த வழியும் இதே மாதிரிதான். 1854இல் சர்ச் மிஷனரி சங்கம் 'தமிழ் கூலி மிஷன்' தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். அவர்களைத் தாங்கியது காப்பித் தோட்டத் துரைமாரின் சந்தாப் பணம். சந்தா கொடுக்கிறவருடைய பாவத்தை உபதேசியார் எந்த வாயால் பேசுவார்? லயம் என்ற வரிசை வீட்டில் கிடந்த தொழிலாளியின் குடியைப் பற்றிப் பேசுவது சுலபம்.

அன்று தோட்டத்தில் 'துண்டு' என்று ஒரு சங்கதி இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டு. அந்தக் கடனைக் கட்டிவிட்டு ஆளை இன்னொரு தோட்டம் எடுத்துக்கொள்ளலாம். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. தமிழ் வேதாகமத்தில் கர்த்தர் கற்பித்த ஜெபம் பாவத்தைக் 'கடன்' என்றே சொல்கிறது. துண்டில் பெயர் ஏறியவனும் அந்த ஜெபத்தைச் சொன்னான். துண்டு எழுதியவனும் சொன்னான்.

கடனில் கட்டியவன் வெள்ளைக்காரன் மட்டும் அல்ல. கங்காணி நம் ஊர்க்காரன், பல சமயம் சொந்தக்காரன். முன்பணம் கொடுத்து ஆள் கட்டி வந்தவனும் அவன்தான், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் அதட்டியவனும் அவன்தான். லயத்துக்குள் சாதி இருந்தது. நாளெல்லாம் கொழுந்தெடுத்த பெண்ணின் சம்பளத்தைப் புருஷன் போய் வாங்கினான். மிதிபட்டவனுக்கும் மிதிக்க ஓர் ஆள் கீழே கிடைத்தது.

மலைக்குக் கீழே வேறொரு காயம். 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் கண்டிச் சிங்களக் கிராமங்களைச் சுற்றியிருந்த காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமையாக்கித் தோட்டங்களுக்கு வழி விட்டது. கிராமத்தவருக்கு லயத்தில் இருப்பவன் நிலத்தைப் பிடித்த அந்நியன். லயத்தவருக்குக் கிராமத்தவன் எப்போது அடிக்க வருவானோ என்ற பயம். இரு பக்கத்தையும் கெடுத்த கை ஒன்று. ஆனால் இரண்டு பேரும் தீமையை எதிர் வீட்டிலேயே தேடினார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. கொழுந்தெடுத்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1971 ஏப்ரலில் சிங்கள இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டின் இறுதியில், ரோமில் கூடிய கத்தோலிக்க ஆயர் மாமன்றம் நீதிக்காக உழைப்பது நற்செய்தி அறிவிப்பின் உள்ளுறுப்பே என்று அறிவித்தது. பாவசங்கீர்த்தனத்தில் அதுவரை கோபம் வந்தது, பொய் வந்தது. துண்டு வரவில்லை, 1948 வரவில்லை. மனதில் இருக்கும் பாவம் சட்டமாக, சம்பளமாக, காணி உறுதியாக எழுந்து நிற்கும் என்ற எண்ணம் அப்போது பல நாடுகளில் வேர் பிடித்துக்கொண்டிருந்தது.

இந்த ஈரத்தில்தான் 1972இல் கண்டியில் சத்தியோதய முளைத்தது. பெயருக்கு 'உண்மையின் உதயம்' என்று பொருள். தொடங்கியவர் போல் காஸ்பெர்ஸ் என்ற இயேசு சபைக் குரு.

காஸ்பெர்ஸ் தோட்டத்துக்கு அரிசி மூட்டை அனுப்பும் அலுவலகம் ஒன்றைத் திறந்திருக்கலாம். அவர் அமைத்தது சமூக ஆய்வுக்கும் சந்திப்புக்குமான ஒரு வீடு. சிங்களவர், தமிழர், பௌத்தர், இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். ஆய்வு வெளியே நடக்கும் அநியாயத்தைக் கணக்கெடுக்கும். கூட வாழ்வது தன்னுள் இருப்பதைக் காட்டிக் கொடுக்கும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனைப் பற்றி அம்மா சொல்லித் தந்த வசவு, சாப்பாட்டு மேசையில்தான் தொண்டையில் சிக்கும்.

எல்லோரும் பாவிகள் என்ற கிறிஸ்தவ போதனையில் ஒரு சறுக்கல் உண்டு. 'எல்லோரும்தானே' என்று தோளைக் குலுக்கினால் துண்டு எழுதியவனும் சுமந்தவனும் சமமாகிவிடுவார்கள். தீமை எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் அதிகாரம் உள்ளவனுடைய தீமைதான் வர்த்தமானியில் அச்சாகிறது. நீதி கேட்கிறவனுக்கு இந்த இரண்டும் நினைவில் இருக்க வேண்டும். முதலாவதை மறந்தால் நாளைய கங்காணி அவனே. இரண்டாவதை மறந்தால் அவன் ஜெபம் துரைக்குச் சந்தா.

சோதனை சீக்கிரம் வந்தது. 1973–74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு. 1977 மே 11இல், ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் விழுந்தார். அந்த ஆகஸ்ட்டிலும் 1981இலும் 1983இலும் இனக்கலவரத்தில் லயங்கள் எரிந்தன. இனங்களுக்கிடையே நீதியும் சமத்துவமும் கோரி 1979இல் பிறந்த இயக்கத்துக்கும் காஸ்பெர்ஸ் தலைமை தாங்கினார்.

2003இல் குடியுரிமைச் சட்டம் மிச்சமிருந்தவர்களையும் பிரஜைகளாக்கியது. காஸ்பெர்ஸ் 2017இல் காலமானார். துண்டு போய் நூறு வருடம் ஆகிவிட்டது. லயம் இன்னும் நிற்கிறது. ஞாயிறு காலையில் அட்டனிலும் நுவரெலியாவிலும் கடனை மன்னிக்கக் கேட்கும் அந்த ஜெபம் தமிழில் ஒலிக்கிறது. யார் யாருக்குக் கடன் என்பதைச் சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் கண்டியில் அந்த வீடு பிறந்தது.